கூட்டத்துக்குக் காத்திருக்காதீங்க: ஒரு கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம். எண்ணூருக்கு வடக்கால ஆத்தோரம் எங்க ஊரு. பழைய உப்பளத்தையும் பக்கத்து சதுப்பையும் சேத்து ஒரு கம்பெனி ரிசார்ட், வில்லா, அப்பார்ட்மென்ட்னு பெரிய டவுன்ஷிப் கட்டப்போறதா போர்டு வெச்சிருக்கு. வேலை கிடைக்கும்னு ஊர்ல பாதி பேரு சந்தோஷமா இருக்காங்க. எதிர்க்கிற பெரியவங்க, கலெக்டர் கருத்துக்கேட்புக் கூட்டம் போடுவார், அங்க மொத்த ஊரும் போய் பேசிக்கலாம்னு சொல்றாங்க. அதுவரைக்கும் நாங்க என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர்

தம்பிக்கு வணக்கம்,

அந்தக் கூட்டத்த நம்பி உக்காராதீங்க, அப்படி ஒண்ணு நடக்காமலே போகலாம். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்குக் கூட்டம் அறிவிச்சு, தள்ளிவெச்சு, எல்லாத்தையும் பாத்த ஊருங்கிறதால பெரியவங்க அப்படி நெனைக்கிறாங்க, ஆனா துறைமுகம் வேற, டவுன்ஷிப் வேற. எந்தத் திட்டத்துக்கு சுற்றுச்சூழல் அனுமதி வேணும்னு சொல்ற ஒன்றிய அரசோட 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைல கட்டுமானத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் மக்கள் கருத்துக்கேட்புல இருந்தே விலக்கு குடுத்துட்டாங்க. 20,000 சதுர மீட்டருக்கு மேல கட்டினா சுற்றுச்சூழல் அனுமதி வேணும், ஆனா அத உங்கள கூப்பிட்டுக் கேக்காமலே குடுத்துடலாம். எனக்கு இதுல இருக்குற கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல.

அதனால சண்டை மேப்புலயும் பேப்பர்லயும்தான். கட்டடத்துக்குக் கட்டுப்பாடு இருக்குற கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துல அந்த நெலம் வருதாங்கறத உயர் அலைக்கோட, அதாவது பெரிய ஏத்தத்துல தண்ணி வந்து தொடுற கோட்ட வெச்சுதான் முடிவு பண்றாங்க. கடல் தண்ணி ஏறி எறங்குற கழி ஓரத்துல இந்த மண்டலம் அந்தக் கோட்டுல இருந்து 100 மீட்டர்னு 2011 விதில இருந்தத 2019ல 50 ஆக்கிட்டாங்க, ஆனா உப்புச் சதுப்பும் கண்டல் காடும் (அலையாத்தி) இருந்தா பாதுகாப்பு இன்னும் அதிகம். எண்ணூர்லயே 1996ல ஒப்புதல் ஆன மேப்ல இருந்த கழி, பின்னாடி வந்த மேப்ல காணாமப் போயிருந்தத மக்கள் ஆர்டிஐ போட்டுக் கண்டுபுடிச்சாங்க, அத மறக்காதீங்க.

அமாவாசை, பௌர்ணமிக்குத் தண்ணி எது வரைக்கும் ஏறுதுன்னு தேதி, லொகேஷனோட போட்டோ எடுங்க. கால் பொதையிற சேறு, அதுல முளைச்ச கண்டல் கன்னு, நண்டு வளை எல்லாத்தையும் எடுங்க. தண்ணிக்குள்ள உக்காந்து பறிய (மீன் போடுற கூடைய) வாயில கடிச்சுக்கிட்டு கையால தடவி இறால் புடிக்கிற அம்மாக்கள கேட்டுட்டு அவங்களயும் எடுங்க. வலை காய வெக்கிற எடம், படகு கட்டுற எடம், மீன் காய வெக்கிற எடம் எல்லாம் இந்த மண்டலத்துக்காக அரசு போடுற கடலோர மேலாண்மைத் திட்ட மேப்ல குறிக்கப்பட வேண்டியவை, அதனால அது இருக்கான்னு பாத்து இல்லன்னா எழுதிக் கேளுங்க. கிராம சபைல தீர்மானம் போடுங்க.

வேலை வேணும்னு சொல்ற பசங்கள எதிரியாக்காதீங்க. எத்தன வேலை, எத்தன வருஷம், எந்த ஊர் ஆளுக்குன்னு கம்பெனிகிட்ட எழுத்துல கேக்கச் சொல்லுங்க. பூண்டி ஏரில உபரி தண்ணி தொறந்தா எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலையாத்துலதான் வருது, அந்தச் சதுப்ப மண்ணு கொட்டி மேடாக்கினா தண்ணி யார் வீட்டுக்குப் போகும்னும் கேக்கணும். 2023 டிசம்பர் வெள்ளத்துல தண்ணியோட எண்ணெயும் சேந்து வந்தத அந்தப் பசங்களும் பாத்தவங்கதான்.

சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பிக்கிற ஒன்றிய அரசோட பரிவேஷ் இணையதளத்துல விண்ணப்பம் வந்திருக்கான்னு கம்பெனி பேர வெச்சு வாரம் ஒருக்கா பாருங்க. அனுமதி குடுத்துட்டா பசுமைத் தீர்ப்பாயத்துல மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான், சரியான காரணம் காட்டினா இன்னும் 60 நாள் வரைக்கும். சென்னைலயே தென்மண்டல அமர்வு இருக்கு. சர்வே நம்பர் கிடைச்சதும் எனக்கு அனுப்புங்க, விண்ணப்பத்த சேந்தே படிப்போம்.