சிவப்பு ஆக்சைடு தரை போட்ட பழைய வீட்டின் சமையல் மேடைக்கு எந்த நிறக் கிரானைட் பொருந்தும்?

வெள்ளை மட்டும் எடுக்காதீர்கள். 7 ஆண்டுகளாகக் காஷ்மீர் வெள்ளை மேடையில் சமைப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன். சிவப்புத் தரை என்று எழுதியிருப்பதால், உங்கள் வீடும் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டைப் போலத்தான் இருக்கும், சமையலறை உள்ளடங்கிப் பகலிலும் விளக்குக் கேட்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எங்களிடம் முதலில் இருந்தது மாமியார் காலத்துக் கடப்பா மேடை. கடப்பா சுண்ணாம்புக் கல் வகை என்பதால், புளியும் எலுமிச்சையும் பட்டுப் பட்டு மெருகு போய்ச் சொரசொரத்துக் கிடந்தது. அதை மாற்றுவதற்காக மாதவரம் பக்கம் ஒரு கல் கிடங்குக்குப் போனபோது, இருட்டுச் சமையலறைக்கு வெளிச்சம் கூடும் என்று சொல்லிக் காஷ்மீர் வெள்ளையைக் காட்டினார்கள். பெயரில்தான் காஷ்மீர், வெட்டி எடுப்பது நம் மதுரைப் பக்கத்தில். சாம்பல் கலந்த வெள்ளையில் அரக்கு நிறப் புள்ளிகள் சிதறியிருந்தன. அந்தப் புள்ளிகள் எங்கள் தரையின் சிவப்போடு சேரும் என்று கணக்குப் போட்டவள் நான்தான். ஆகவே பழியை முழுவதும் கடைக்காரர் மேல் போடவில்லை.

நிறம் சேர்ந்தது. ஆனால் அந்தக் கல் நீரை உறிஞ்சும். காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த வஞ்சிரத்துக்கு மஞ்சளும் உப்பும் தடவி வைத்த தட்டு ஒருநாள் கசிந்திருக்கிறது. மறுநாள் தேய்த்தபோது மஞ்சள் மங்கியதே தவிரப் போகவில்லை. கழுவிய இரும்புத் தோசைக்கல்லை ஈரத்தோடு கவிழ்த்து வைத்த ஓர் இரவு, அதன் விளிம்பு அளவுக்குத் துருவட்டம் ஒன்று நிலைத்துவிட்டது. கறை உள்ளே இறங்காமல் தடுக்கும் பூச்சான சீலர் அடித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று எழுத வருவீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கல்லை விற்றவர்களும் பதித்தவர்களும் அந்தச் சொல்லையே எங்களிடம் உச்சரிக்கவில்லை. தவிர, அதை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டிருக்க மூன்று வேளையும் அடுப்பெரியும் வீட்டில் எவருக்கு நேரம்?

2022-இல் மாடியில் மகனுக்குச் சமையலறை கட்டியபோது அவசரப்படவில்லை. கிடங்கிலிருந்து மூன்று உடைசல் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, சிவப்புத் தரையின் மேலேயே வைத்து, காலை வெளிச்சத்திலும் இரவு டியூப் லைட்டிலும், தண்ணீர் தெளித்தும் பார்த்தோம். கரீம்நகர்ப் பக்கத்து டான் பிரவுன் என்ற பழுப்புக் கல் தனியாகப் பார்க்க எடுப்பாக இருந்தது. சிவப்புத் தரைக்கு மேல் வைத்ததும் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கி, அறையே சுருங்கியது போலாயிற்று. அடுத்தது முழுக் கருப்பு. சமையலறைக்குக் கருப்பு ஆகாது என்றார் நாத்தனார். அம்மி என்ன நிறம் என்று கேட்டேன், பதில் இல்லை. நான் அதைத் தவிர்த்ததற்குக் காரணம் வேறு: எங்கள் போர் தண்ணீர் உப்பு. தெளித்த துளிகள் காய்ந்ததும் துண்டு முழுவதும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. (கருப்புதான் வேண்டும் என்பவர்கள், நகப்பூச்சு நீக்கும் திரவத்தை வெள்ளைப் பஞ்சில் நனைத்துக் கல்லில் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு கறுத்தால் அது சாயம் ஏற்றிய கல்.)

மூன்றாவது துண்டு ஓங்கோல் பக்கத்து ஸ்டீல் கிரே. கரும்சாம்பலில் வெளிர் கோடுகள் ஓடுவதால் உப்புத் திட்டும் தெரியவில்லை, மஞ்சளும் தெரியவில்லை. சிவப்புத் தரையும் தேக்குச் சன்னலும் அதனருகில் எடுப்பாக நின்றன. வெளிச்சத்துக்குச் சுவரில் பால்வெள்ளை டைல்ஸ் ஒட்டினோம். அந்த வேலையைச் சுவரிடம் கொடுத்திருக்க வேண்டியது, கீழே கல்லிடம் கொடுத்ததுதான் என் தவறு. புதுப் பாணி அடுக்ககத்தில் வெளிர் தரையோடு இருப்பவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். நான் பேசுவது நம் பக்கத்துப் பழைய வீடுகளைப் பற்றி.

ஒன்று விட்டுப்போயிற்று. மேடை திரும்பும் மூலையிலும் நிறம் மாறாதிருக்க, எல்லாத் துண்டுகளையும் ஒரே பலகையில் வெட்டச் சொல்லுங்கள். அளவெடுக்கும்போது கூடவே நில்லுங்கள். ஓரத்து உடைசலையும் சதுர அடியில் சேர்த்து எங்களிடம் பணம் வாங்கினார்கள், கேட்டதற்கு அதுதான் வழக்கம் என்றார்கள்.

கீழ் வீட்டு வெள்ளை மேடையை இன்னும் மாற்றவில்லை. துருவட்டத்தின் மேல் தண்ணீர்க் குடம் இருக்கிறது.