அடுத்த தலைவி யார்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கத்தோலிக்கப் பங்குகளில் இயங்கும் மரியாயின் சேனை (செபமும் வீடு சந்திப்பும் செய்யும் பொதுநிலையினர் அமைப்பு), அன்பியம் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழு) ஆகியவற்றில் பொறுப்பில் இருக்கும் பெண்கள் எழுதியவை. அவற்றில் சில. (பிரசீடியம் என்பது சேனையின் அடிப்படைக் குழு, கூரியா அதற்கு மேலுள்ள அமைப்பு.)

எங்கள் பிரசீடியத்தில் தலைவிக்கு அடுத்த மாதத்தோடு ஆறு ஆண்டு நிறைகிறது. உறுப்பினர்கள் ஒன்பது பேர், ஒருவரும் பொறுப்பேற்க முன்வரவில்லை. "இவரே இருக்கட்டும், கூரியாவில் சொல்லிக்கொள்ளலாம்" என்கிறார்கள். வழி உண்டா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

இல்லை. பொறுப்புக் காலம் மூன்று ஆண்டு, மறுபடி ஒரு மூன்று ஆண்டு, அவ்வளவுதான். அதே பிரசீடியத்தில் அதே பொறுப்புக்குத் திரும்ப வேண்டுமானால் மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும். செயலராகவோ பொருளராகவோ அவர் தொடரத் தடையில்லை.

இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும். இது பிரசீடியத்துக்குள் கை தூக்கி முடிவு செய்கிற காரியம் அல்ல. பொறுப்பாளர்களை நியமிப்பது கூரியா. வழக்கமாகக் கூரியாத் தலைவர் உங்கள் ஆன்ம இயக்குநரிடம் (குழுவுக்கு வழிகாட்டும் ஃபாதரிடம்) விசாரித்து, பொருத்தமான ஒரு பெயரைக் கூரியாவின் முன் வைப்பார். இவர் தேவலாமா, அவர் தேவலாமா என்று கூட்டத்தில் வெளிப்படையாக அலசுவது முறையல்ல. அப்படி அலசிய இடங்களில் பொறுப்பு கிடைக்காதவர் அடுத்த மாதமே வராமல் போவார்.

"எனக்கெல்லாம் தகுதி இல்லை" என்பவர்களிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் தகுதி ஒரு பிரச்சினையாகவே இருக்காது. கூரியாவில் எழுந்து நின்று அறிக்கை வாசிக்கப் பயம். கூட்டக் குறிப்பில் எழுத்துப்பிழை வந்துவிடுமோ என்ற கூச்சம். ஞாயிறு மதியம் வீட்டில் சமையலை விட்டுவிட்டு எப்படிப் போவது என்ற கவலை. முதல் இரண்டும் பழகினால் போய்விடும். அதற்குத்தான் துணைத் தலைவி என்று ஒருவர் இருக்கிறார். கடைசி ஓராண்டில் மாதம் ஒரு கூட்டத்தையாவது அவர் நடத்தட்டும், தலைவி பக்கத்தில் சும்மா உட்காரட்டும். கூரியாவுக்குப் போகும் அறிக்கையை ஒருமுறை அவர் வாசிக்கட்டும். உங்களுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்பதால் இன்றே கூரியாவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, மீதிக் கூட்டங்கள் எல்லாவற்றையும் அவரிடமே விடுங்கள்.

பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் வருகைப் பதிவேடு, குறிப்பேடு, கணக்குப் புத்தகம், இரகசியப் பை (யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாமல் காணிக்கை சேர்க்கும் பை), மாதா சுரூபம், வெக்சில்லம் (சேனையின் சின்னம்), பூச்சாடி இரண்டு, மெழுகுதிரித் தண்டு இரண்டு எல்லாவற்றையும் எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். தவறாமல் விட்டுப்போவது துணை உறுப்பினர்களின் பட்டியல். பல இடங்களில் அது பழைய தலைவியின் தலைக்குள்தான் இருக்கும், தாளில் இருக்காது. தினமும் செபமாலை சொல்லி சேனைக்காக வேண்டும் அந்த வயதான அம்மாக்களை அதன்பிறகு யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

கூட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. வேலைக்குப் போகும் பெண்கள் நின்றுவிட்டார்கள்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

தொடங்கியதிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பது விதி. ஆறு மணிக்குத் தொடங்கினால் தொடக்கச் செபம், செபமாலை, ஆன்மிக வாசகம் முடிய 6.25. குறிப்பும் பொருளர் கணக்கும் 6.35. பிறகு பணி அறிக்கைகள். ஏழு மணிக்குக் கத்தேனா என்ற சேனைச் செபம், அறிக்கை பாதியில் இருந்தாலும் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். பின் ஆன்ம இயக்குநரின் உரை, ஐந்தாறு நிமிடம். பை சுற்றி வரும். விட்ட அறிக்கைகள், அடுத்த வாரப் பணி, நிறைவுச் செபம், 7.30.

நேரம் எங்கே போகிறது என்று கைக்கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். இரண்டு இடங்கள்தான். ஒன்று, உரை மறையுரையாக நீளுவது. அதை ஃபாதரிடம் தலைவிதான் பணிவாகச் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது அறிக்கை. "வீடு சந்திச்சோம், நோயாளிகளைப் பார்த்தோம், செபம் பண்ணினோம்" என்றால் ஒன்றுமே தெரியாது. உடனே ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள், பத்து நிமிடம் போய்விடும். சரியான அறிக்கை இப்படி இருக்கும்:

"புதன்கிழமை அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும், நானும் இன்னொரு சகோதரியும், நாலு வீடு. ரெண்டு பூட்டியிருந்தது. மூணாவது வீட்டுப் பாட்டி கால் முடியாம எட்டு மாசமா நன்மை (நற்கருணை) வாங்கலை. ஃபாதர்கிட்ட சொல்லியாச்சு, முதல் வெள்ளி வர்றார். நாலாவது வீட்டுல பேசப் பிடிக்கலைன்னாங்க, அடுத்த மாசம் மறுபடி போறோம்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருவராகப் போனது, இரண்டு மணி நேரம் உழைத்தது, அடுத்து என்ன என்பது எல்லாம் வந்துவிட்டது. அந்த வீட்டில் கணவன் மனைவிக்குள் என்ன சண்டை என்பது மட்டும் வரவில்லை. வரவும் கூடாது. அதை ஆன்ம இயக்குநரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

சந்திக்கப் போன வீட்டில் அரிசி இல்லை. இரகசியப் பையிலிருந்து 500 ரூபாய் கொடுத்தோம். தவறா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

மனசு சரி, முறை தவறு. சேனை பொருளுதவி செய்வதில்லை. ஒரு வீட்டில் கொடுத்தால் அடுத்த வீட்டில் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும், கொடுக்காத வீட்டில் கதவு சாத்தப்படும். அன்றே ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையிடம் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். பைப் பணம் சேனையின் செலவுக்கும் மேல் அமைப்புக்கும் உரியது. ஆண்டுக்கு ஒருமுறை பொருளர் அல்லாத இரண்டு உறுப்பினர்கள் கணக்கைச் சரிபார்க்கும்போது அந்த 500 எழுதப்பட்டிருக்கட்டும், மறைக்காதீர்கள்.

ஆண் ஒருவர் தலைவராக இருந்தால்தான் கூரியாவில் மதிப்பு என்கிறார்களே?
– ஒரு வாசகி, சிவகங்கை

1921 செப்டம்பர் 7 அன்று டப்ளினில் சேனை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் எலிசபெத் கிர்வன் என்ற பெண்மணி. ஆண்களுக்கென முதல் பிரசீடியம் வந்ததே 1929-ல்தான். இதைச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

அன்பியக் கூட்டத்துக்கு வருவது பெண்கள். பங்குப் பேரவையில் பேசுவது ஆண்கள். நான் அன்பியப் பொறுப்பாளர். நான் சொல்வது எதுவும் ஏறுவதில்லை.
– ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

திருச்சபைச் சட்டம் 536-ன்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமைதான் உண்டு, முடிவு பங்குத்தந்தையுடையது. எத்தனை ஆண்கள் சத்தமாகப் பேசினார்கள் என்பது அங்கே கணக்கில்லை. தயாரித்துக்கொண்டு வந்த ஆலோசனை நிற்கும், அந்த நேரத்தில் தோன்றியதைப் பேசினால் காற்றில் போகும்.

தயாரிப்பு அன்பியத்தில் தொடங்குகிறது. ஏழு படி முறையில் விவிலியம் பகிர்கிறீர்கள் என்றால் ஆறாவது படியைக் கவனியுங்கள். மனதில் பட்டதைப் பகிரும் ஐந்தாவதில் ஒருவர் பிரசங்கம் செய்ய ஆரம்பித்து நேரத்தைத் தின்றுவிடுவார். "நாம் என்ன செய்யப் போகிறோம்" என்ற ஆறாவது படியைத் தாண்டி நேரே நிறைவுச் செபத்துக்குப் போய்விடுவீர்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று அங்கே ஒரு வரியாவது எழுதுங்கள். பேரவைக்குக் கொண்டுபோக வேண்டிய விஷயங்கள் அதிலிருந்துதான் வரும்.

உதாரணத்துக்குத் திருவிழாவில் பெண்களுக்குக் கழிப்பறை. கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் கேட்டால் பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்பணம் போயிருக்கும், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். இரண்டு மாதம் முன்பே அரைப் பக்கத்தில் எழுதுங்கள்: எங்கே வைப்பது, எத்தனை, தண்ணீர் எங்கிருந்து, இரண்டு இடத்தில் கேட்ட விலை, இரவில் யார் காவல். மற்ற அன்பியங்களின் பொறுப்பாளர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். பேரவைச் செயலரிடம் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் அது குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்: உங்கள் பங்கின் நிதிக்குழுவில் எத்தனை பெண்கள்? சட்டம் 537-ன்படி ஒவ்வொரு பங்கிலும் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும், பெண்கள் இருக்கத் தடை எதுவும் இல்லை. வரவு செலவு எழுதத் தெரிந்த ஒருவரின் பெயரை, அவரிடம் கேட்டுக்கொண்டு, பங்குத்தந்தையிடம் நீங்களே கொடுங்கள். "பெண்களையும் சேருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும்.