பக்கத்து வீட்டு மரக்கிளை எங்க கூரைக்கு மேல நிக்குது, விழுந்தா யார் பொறுப்பு?

வணக்கம்மா. நீங்க எழுதினது இதுதான்: பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்குள்ள பெரிய மரம், அதோட தடிச்ச கிளை ஒண்ணு உங்க பசங்க படுக்கற ரூமுக்கு நேர் மேல வந்து நிக்குது, போன மழைக்கு அப்புறம் மரத்தடில மண்ணு வெடிப்பு விட்ட மாதிரி இருக்கு, போய் சொன்னா "எங்க தாத்தா வச்ச மரம், ஒண்ணும் ஆகாது"ன்னு அனுப்பிட்டாரு. விழுந்தா கேஸ் போட முடியுமா, இல்ல இப்பவே நாமளே வெட்டிடலாமான்னு கேக்கறீங்க.

சட்டத்துக்கு அப்புறம் வரேன், முதல்ல இன்னைக்கு ராத்திரியே பசங்கள வேற ரூம்ல படுக்க வைங்க. மர ஆபத்த மதிப்பிடறவங்க மூணு விஷயம்தான் பாப்பாங்க, ஒடியறதுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கு, ஒடிஞ்சா அது விழற இடத்துல யாரு எவ்வளவு நேரம் இருக்காங்க, விழுந்தா என்ன சேதம். மரம் உங்களுது இல்ல, ஆனா அந்த ரெண்டாவது விஷயம் முழுக்க உங்க கைல இருக்கு.

எனக்கு கிளைய விட அந்த மண்ணு வெடிப்புதான் கவலையா இருக்கு. பல வருஷமா சாஞ்சே வளர்ந்த மரம் நுனி மேல் நோக்கி வளைஞ்சு தன்ன தானே சரி பண்ணிக்கிட்டு நிக்கும், அத பாத்து பொதுவா பயப்பட வேண்டாம். புதுசா சாஞ்சு, சாயற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண்ணு தூக்கிட்டு இருந்தா வேரு பிடி விடுதுன்னு அர்த்தம், கிளைய மட்டும் வெட்டி அத சரி பண்ண முடியாது. சமீபத்துல யாராவது மரத்துகிட்ட பைப் போடவோ சுவர் கட்டவோ பள்ளம் தோண்டினாங்களான்னு விசாரிங்க, வேர வெட்டிட்டு மூடியிருப்பாங்க, வெளிய தெரியாது. அடில காளான் முளைச்சிருக்கா, ரெண்டு தண்டு பிரியற கவட்டைல விரிசல் இருக்கா, இலையே இல்லாத காஞ்ச கிளை இருக்கா, எல்லாத்தையும் உங்க பக்கத்துல நின்னே, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல நின்னு, தேதியோட போட்டோ எடுங்க.

இப்ப சட்டம். நீங்க எந்த ஊர்னு எழுதல, அதனால பிரிட்டிஷ் பொதுச்சட்ட (பழைய கோர்ட் தீர்ப்புகள வச்சு வளர்ந்த சட்டம்) வழில வர்ற நாடுகள்ல பொதுவா உள்ளத சொல்றேன். 1926ல இங்கிலாந்துல ஒரு கேஸ், பீச் மரக்கிளை ஒண்ணு வானிலை நல்லா இருந்த நாள்ல ஒடிஞ்சு ரோட்டுல போன வண்டி மேல விழுந்துச்சு, கோர்ட் மரக்காரர் பொறுப்பில்லன்னு சொல்லிடுச்சு, ஏன்னா உள்ள இருந்த விரிசல் சாதாரணமா பாத்தா தெரியற மாதிரி இல்ல. ஆக விழுந்துச்சாங்கறது மட்டும் கேள்வி இல்ல, விழும்னு அவருக்கு தெரியுமா, தெரிஞ்சிருக்கணுமா, அதுதான் கேள்வி. நீங்க வாய்ல சொன்னத நாளைக்கு அவர் "சொல்லவே இல்ல"ன்னு சொல்லிட்டா உங்க கேஸ் அங்கயே பலவீனம் ஆயிடும். அதனால எழுதி குடுங்க. மரியாதையா ஒரு பக்கம் போதும், எந்த கிளை, எந்த வெடிப்பு, எப்ப இருந்து, போட்டோ இணைச்சிருக்கேன், மர நிபுணர கூப்பிட்டு பாருங்க, இத்தனை நாளுக்குள்ள பதில் குடுங்க. கைல வாங்கினதுக்கு அத்தாட்சி வர்ற மாதிரி அனுப்புங்க. அவர் வாடகைக்கு இருக்கறவர்னா வீட்டு ஓனருக்கும் ஒரு காப்பி. அந்த தேதில இருந்து "எனக்கு தெரியாது"ங்கற வாதம் அவருக்கு கிடையாது, புயல்ல விழுந்தா கூட "கடவுள் செயல்"னு சொல்லி நழுவறது ரொம்ப கஷ்டம்.

வெட்டற விஷயம். உங்க எல்லைக்குள்ள வர்ற கிளைய எல்லைக்கோடு வரைக்கும் நீங்களே வெட்டலாம், அவர் இடத்துல கால் வைக்காம பண்ணா முன்கூட்டி சொல்லக்கூட வேண்டியதில்லன்னு 1894லயே பிரிட்டன் பிரபுக்கள் சபை (அப்போ அங்க உச்ச கோர்ட் மாதிரி இருந்தது) தீர்ப்பு குடுத்திருக்கு. வெட்டின கட்டையும் காயும் மட்டும் அவருக்குத்தான் சொந்தம். ஆனா உரிமை இருக்குங்கறதுக்காக உடனே அருவாள தூக்காதீங்கம்மா, நிறைய ஊர்ல மரம் வெட்டவே பெர்மிஷன் வேணும், அதுவும் போக வேரு ஏற்கனவே ஆடற மரத்துல ஒரு பக்கத்து பாரத்த மட்டும் எடுத்தா சமநிலை மாறலாம், நீங்க வெட்டினதாலதான் மரம் சாஞ்சுச்சு, செத்துச்சுன்னு வந்தா பழி உங்க பக்கம் திரும்பிடும். ஆர்பரிஸ்ட்னு சொல்ற மர நிபுணர உங்க செலவுலயே கூப்பிட்டு எழுத்துல ரிப்போர்ட் வாங்குங்க, மரம் வெட்டி காசு பாக்கறவர்கிட்ட மட்டும் கேட்டா வெட்டுங்கன்னுதான் சொல்வாரு.

லெட்டருக்கு பதில் வரலன்னா அந்த ரிப்போர்ட்ட வச்சு கோர்ட்ல தடை உத்தரவு, அதாவது ஆபத்த நீக்கச் சொல்லி ஆர்டர் கேக்கலாம். அங்க "பயமா இருக்கு"ன்னு சொன்னா போதாது, ஆபத்து கிட்டத்துல இருக்குன்னு காட்டணும். இதுக்கு நடுவுல தண்டு உண்மையிலேயே அவர் எல்லைக்குள்ளதான் இருக்கான்னு பத்திரத்த வச்சு ஒரு தடவை அளந்து பாருங்க, எல்லை மேலயே நிக்கற மரம்னா ரெண்டு பேருக்கும் பொறுப்பு வரலாம். வீட்டு இன்ஷூரன்ஸ் இருந்தா அவங்களுக்கும் இப்பவே தெரியப்படுத்துங்க, தெரிஞ்சும் சொல்லலன்னு பின்னாடி கிளெய்ம்ல பிரச்சனை வரலாம்.

அந்த வெடிப்பு நாளுக்கு நாள் அகலமாகுதுன்னா இதுக்கெல்லாம் காத்திருக்காதீங்க, உள்ளாட்சி ஆபீஸுக்கும் தீயணைப்புக்கும் போன் போட்டுட்டு பசங்களோட வெளிய வந்துடுங்க, லெட்டர அங்க இருந்து எழுதிக்கலாம்.