தைராக்சின் கூட்டியும் சோர்வு ஏறுகிறதே: அக்காவுக்குக் கார்டிசால் பார்த்தீர்களா?

தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சினைக் கூட்டியும் அக்காவின் சோர்வு ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரையை 100 மைக்ரோகிராமாக உயர்த்தும் முன், காலை 8 மணி அளவில் இரத்தத்தில் கார்டிசால் (சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்), ஏசிடிஎச் (அதைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்), சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்த்துவிடுமாறு மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை தைராக்சினை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

ஹாஷிமோட்டோ (உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் நோய்) உள்ள உங்கள் அக்கா மெலிந்து, எழுந்தால் தலைசுற்றி, கஞ்சித் தண்ணீரில் உப்பை அள்ளிப் போட்டுக் குடிப்பதாக எழுதியிருப்பது அட்ரீனல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோயை நினைவூட்டுகிறது. தைராய்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பு, சிலரிடம் அட்ரீனலையும் தாக்கும். தைராக்சின் உடலில் கார்டிசால் செலவாகும் வேகத்தைக் கூட்டுவதால், ஏற்கெனவே குறைந்திருக்கும் இருப்பு மேலும் சரிந்து நிலைமை முற்றும். கார்டிசால் குறைவே, தைராய்டு குறைந்தால் உயரும் டிஎஸ்எச் அளவைச் சற்று உயர்த்திக் காட்டும் என்பதும் பலர் கவனிக்காதது.

அக்காவின் தோல் கருத்ததற்குக் குளச்சல் வெயிலே காரணம் என்கிறீர்கள். அடிசன் நோயிலும் தோல் கருக்கும். வெயில் படாத உள்ளங்கை ரேகைகள், ஈறு, பழைய தழும்புகள் கருத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: மூட்டுவலிக்கோ மூச்சு இழுப்புக்கோ ஸ்டீராய்டு எடுத்திருந்தாலும் கார்டிசால் குறைவாக வரலாம், ஆனால் அதில் தோல் கருக்காது. நம் நாட்டில் காசநோயும் அட்ரீனலை அழிப்பதுண்டு.

வாந்தி, கடும் வயிற்றுவலி, மயக்கம் வந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசென்று, அடிசன் சந்தேகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.