எட்டு நிணநீர்க் கணுக்கள் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. மலக்குடல் புற்றுநோய். ஐந்து வாரம் கதிர்வீச்சும் கீமோ மாத்திரையும் கொடுத்த பிறகு ஆபரேஷன் செய்தார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'நிணநீர்க் கணுக்கள் 0/8' என்று இருக்கிறது. குறைந்தது 12 இருக்க வேண்டுமே என்கிறார் உறவினர் ஒருவர். ஆபரேஷன் சரியாக நடக்கவில்லையா? முதல் எம்.ஆர்.ஐ.யில் 6 மி.மீ. கணு ஒன்றைச் சந்தேகம் என்று எழுதியிருந்தார்களே, அது என்ன ஆனது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிணநீர்க் கணு என்பது நோய் எதிர்ப்புக்கு உதவும் சிறு முடிச்சு, புற்று அதில் பரவக்கூடும். எட்டுக் கணுக்களைப் பார்த்தார்கள், ஒன்றிலும் புற்று இல்லை என்பதுதான் 0/8. இந்த எட்டை மட்டும் வைத்து ஆபரேஷனைக் குறை சொல்ல முடியாது, கவலைப்படாதீர்கள்.

சர்ஜன் கணுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதில்லை. மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பை, அதன் மெல்லிய உறை கிழியாமல் குடலோடு சேர்த்து எடுக்கிறார். இங்கிலாந்தின் பில் ஹீல்ட் 1982இல் வலியுறுத்திய முறை இது. கணுக்களைத் தேடி எண்ணுபவர், எடுத்த பகுதியைச் சோதிக்கும் பேத்தாலஜி மருத்துவர். கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறி இறுகிய கொழுப்பை மெல்லிசாக நறுக்கி, விரலால் தடவித் தடவிப் பார்க்க வேண்டும். பல கணுக்கள் 5 மி.மீ.க்கும் சிறியவை, அவசரப்பட்டால் தப்பிவிடும்.

குறைவாகப் பார்த்துவிட்டு 'இல்லை' என்றால் நம்ப முடியாது என்பதற்காக வந்த அளவு 12. ஆனால் கதிர்வீச்சு கணுக்களைச் சுருக்கிவிடும், சிலது வெறும் தழும்பாகிவிடும். அதனால் அப்பாவைப் போன்றவர்களுக்கு எண்ணிக்கை குறைவது சகஜம். ஆபரேஷனின் தரத்தை அறிய அதே ரிப்போர்ட்டில் வேறு இரண்டு வரிகளைப் பாருங்கள்: கொழுப்பு உறை முழுமையாக இருந்ததா, புற்றுக்கும் வெட்டிய வெளி விளிம்புக்கும் இடைவெளி எவ்வளவு. உறை கிழிந்திருந்தாலோ, இடைவெளி 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்றாலோதான் கவலை.

மனம் ஆறவில்லையென்றால், மிச்சக் கொழுப்பில் மறுபடி தேட முடியுமா என்று பேத்தாலஜி துறையில் உடனே கேளுங்கள். ஃபார்மலினில் இருக்கும் பகுதியைச் சில வாரங்களே வைத்திருப்பார்கள். மெழுகில் பதித்த திசுத் துண்டுகளும் கண்ணாடி ஸ்லைடுகளும் மட்டும்தான் பிறகும் கிடைக்கும்.

அந்த 6 மி.மீ. கணுவுக்கு வருவோம். எம்.ஆர்.ஐ.யில் கணுவின் நீளத்தை அல்ல, அதற்குக் குறுக்கே உள்ள அகலத்தைத்தான் எடுப்பார்கள். 9 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் அளவே சந்தேகத்துக்குப் போதும். 5 முதல் 9 வரை என்றால் உருண்டை வடிவம், ஒழுங்கற்ற ஓரம், உள்ளே சீரற்ற நிறம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு வேண்டும். ஐந்துக்குக் கீழே மூன்றும் வேண்டும். இவ்வளவு பார்த்தும் தவறு நேரும்: அழற்சியால் கணு வீங்கும், 3 மி.மீ. கணுவில் புற்று ஒளிந்திருக்கும். எனவே அந்தக் கணுவில் முதலிலிருந்தே புற்று இல்லாமல் இருந்திருக்கலாம். அல்லது கதிர்வீச்சில் அழிந்திருக்கலாம். அழிந்த இடத்தில் தழும்போ, செல் இல்லாத சளித் தேக்கமோ தெரியும். அதைப் புற்று என்று எண்ணமாட்டார்கள். இனி கீமோ தேவையா என்று முடிவு செய்யும்போது சிகிச்சைக்கு முந்தைய நிலையையும் பார்ப்பார்கள், பழைய எம்.ஆர்.ஐ.யைக் கையோடு கொண்டுபோங்கள்.

அந்தக் கணு எந்த இடத்தில் இருந்தது என்பதையும் அதில் பாருங்கள். இடுப்பின் பக்கச்சுவரை ஒட்டிய கணுக்கள் அந்தக் கொழுப்பு உறைக்கு வெளியே இருப்பவை. வழக்கமான ஆபரேஷனில் அவை வராது, 0/8 கணக்கிலும் சேராது. முதல் எம்.ஆர்.ஐ.யில் அங்கே 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் கணு இருந்திருந்தால், கதிர்வீச்சுக்குப் பின் அது எவ்வளவு சுருங்கியது, ஆபரேஷனில் அதைத் தனியாக எடுத்தார்களா என்று சர்ஜனிடம் அவசியம் கேளுங்கள்.