சுழல் வேண்டாம், ஆவியை எடை போடச் சொல்லுங்கள்

கடல் சூடாக இருந்தால் புயல் வலுக்கும் என்று காட்ட, உங்கள் மகள் இரண்டு டப்பில் 26, 32 டிகிரியில் தண்ணீர் வைத்து ஃபேன் போட்டும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, அவள் சோர்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். டப்பில் புயல் சுழலாது. பூமிச் சுழற்சியின் விளைவு அந்த அளவில் தெரியவே தெரியாது. புயலின் தீனியான நீராவியை அளக்கட்டும். ஒரே அளவு எவர்சில்வர் தட்டு இரண்டு, தலா 200 கிராம் தண்ணீர், ஒரு மணி நேரம் ஃபேன், அப்புறம் சமையலறைத் தராசு.

ஒரு சிக்கல் உண்டு. ஆவியாகும்போதே தண்ணீர் குளிர்ந்துவிடும். கொஞ்ச நேரத்தில் 32 டிகிரி 28 ஆகிவிடும். அவளுக்கு வித்தியாசம் தெரியாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். தட்டுகளை அந்தந்தச் சூட்டிலுள்ள டப்பில் மிதக்கவிட்டு, ஆற ஆற டப்பில் வெந்நீர் சேர்க்கட்டும். கடலிலும் இதே கதைதான்: புயல் அடியிலிருக்கும் குளிர்ந்த நீரைக் கலக்கி மேலே கொண்டுவரும், ஆழம்வரை சூடிருந்தால்தான் வலு குறையாது.