பண்டைக் காலம் முதல் 18ஆம் நூற்றாண்டு வரை வந்த கண்டுபிடிப்புகளில் எது முக்கியமானது? அது எப்படி வேலை செய்தது?

சக்கரம், காகிதம், வெடிமருந்து, திசைகாட்டி என்று பல பதில்கள் வரும். நான் சொல்வது அச்சடிக்கும் ஈய எழுத்துகளை வார்க்கும் கை மோல்டு, அதாவது கையில் பிடித்து உருகிய உலோகத்தை ஊற்றும் சிறு வார்ப்புக் கருவி. அச்சு இயந்திரத்தைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. திருகி அழுத்தும் இயந்திரம் திராட்சை பிழிய ரோமானியர் காலத்திலேயே இருந்தது. காகிதமும் ஐரோப்பாவுக்கு வந்துவிட்டது. ஒரே உயரத்தில், பக்கவாட்டு அளவு பிசகாமல் ஆயிரக்கணக்கான எழுத்துகளை வேகமாகச் செய்யும் வழிதான் இல்லாமல் இருந்தது.

முயற்சிகள் முன்பே நடந்தன. சீனாவில் 1040களில் பீ ஷெங் களிமண்ணில் எழுத்து செதுக்கிச் சுட்டார். இரும்புத் தகட்டில் பைன் பிசின், மெழுகு, காகிதச் சாம்பல் கலவையைப் பரப்பி, எழுத்துகளை அடுக்கி, சூடாக்கி, மேலே பலகை வைத்துச் சமப்படுத்தினார். மரத்தை அவர் ஒதுக்கியதற்குக் காரணம், ஈரம் பட்டால் அது உப்பி உயரம் மாறிவிடும். கொரியாவில் 1377லேயே உலோக எழுத்தில் புத்தகம் அச்சாகிவிட்டது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் பைபிளை முடித்தது 1455 வாக்கில்தான்.

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் நிலைபெற்ற முறை இது. முதலில் எஃகுக் கம்பியின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கி, காய்ச்சி, நீரில் தோய்த்துக் கெட்டிப்படுத்துவார்கள். இது பஞ்ச். அதைச் செம்புக் கட்டியில் அடித்தால் பள்ளமாக எழுத்து விழும். அதுதான் தாய் அச்சு. அடி ஒருபுறம் சாய்ந்தாலோ ஆழம் கூடினாலோ அதிலிருந்து வார்க்கும் அத்தனை எழுத்தும் கெட்டுவிடும். அதனால் செம்பை அரம் போட்டுத் தேய்த்து ஆழத்தைச் சரிசெய்வார்கள். ஒரு பஞ்ச் செதுக்கவே ஒரு நாள் பிடிக்கலாம். ஆனால் ஒரு தாய் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் வார்க்கலாம்.

மோல்டின் நுட்பம் அதன் இரண்டு ‘எல்’ வடிவத் துண்டுகளில் இருக்கிறது. அவை ஒன்றோடொன்று நகரும்போது எழுத்தின் அகலம் மாறும். மற்ற அளவுகள் மாறாது. ‘ர’ ஒல்லியாகவும் ‘ண’ அகலமாகவும் வந்தாலும் வரி நேராக நிற்பது இதனால்தான். அடியில் தாய் அச்சை வைத்து, கரண்டியால் உருகிய உலோகத்தை ஊற்றி, அதே கணம் மோல்டைச் சட்டென்று மேல்நோக்கி உலுக்க வேண்டும். உலுக்காவிட்டால் காற்று சிக்கி எழுத்துக்குள் பொள்ளல் விழும். அந்த எழுத்து அழுத்தத்தில் நசுங்கிவிடும். உலோகத்தில் சூடு குறைந்தால் மெல்லிய கோடுகள் நிரம்பாது. சூடு கூடினால் உறைய நேரமாகி, தாய் அச்சும் சீக்கிரம் தேயும். பிறகு ஊற்றிய வாயில் வாலாக உறைந்த மிச்ச உலோகத்தை ஒடித்து, அடியைச் சீவி, உயரத்தைச் சமப்படுத்துவார்கள். இங்கிலாந்து அச்சகங்களில் பின்னாளில் நிலைத்த உயரம் 0.918 அங்குலம். தாளளவு உயரம் குறைந்தாலும் அந்த எழுத்து மங்கலாக விழும்.

தனி ஈயம் இதற்கு உதவாது. மிருதுவானது, ஆறும்போது சுருங்கும். ஆன்டிமனி என்ற தனிமத்தைச் சேர்த்தால் கெட்டிப்படும், சுருக்கம் குறையும். வெள்ளீயம் சேர்த்தால் நன்றாக ஓடி மூலை முடுக்கெல்லாம் நிரம்பும். பிற்கால அச்சு உலோகங்களில் பிரபலமான ஒன்று ஈயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 சதவீதம். ஈயம் மட்டும் உருக 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 240 போதும். யாராவது இன்று செய்து பார்த்தால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். ஈயப் புகையும் தூசியும் விஷம். ஈரக் கரண்டியை உருகிய உலோகத்தில் விட்டால் வெடித்துத் தெறிக்கும்.

மையும் மாற வேண்டியிருந்தது. நீரில் கரைத்த மை உலோகத்தில் தாமரை இலைத் தண்ணீராக உருண்டுவிடும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் விளக்குக் கரியைக் குழைத்த பிறகுதான் பிடித்தது.

தமிழுக்கு இது பெரிய சோதனை. 247 எழுத்துக்கும் தனித்தனி வார்க்க வேண்டியதில்லை, துணைக்கால், கொம்புகள் தனியாக நிற்கும். ஆனால் இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் ஒட்டிய வடிவங்கள்: 18 மெய்க்கு 72 அச்சு. உயிர், ஆய்தம், அகர வரிசை, புள்ளி வைத்த மெய், தனிக் குறிகள் எல்லாம் சேர்த்தால் சுமார் 125. ணை, லை போன்ற பழைய கூட்டு வடிவங்கள், கிரந்தம், எண்கள் வேறு. பக்கத்துக்கு 1,500 அச்சு என்று வைத்தாலே 16 பக்கப் பாரத்துக்கு (ஒரு தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) 24,000 ஈயத் துண்டுகள் பூட்டிக் கிடக்கும். அச்சடித்த கையோடு கலைத்து கேஸில், அதாவது எழுத்துக்கு ஓர் அறை வைத்த தட்டில், போட்டால்தான் அடுத்த பாரம் கோர்க்க முடியும்.

1578ல் கொல்லத்தில் 16 பக்கக் கிறிஸ்தவ நூலான ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சானது. தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. அங்கே எழுத்து வார்த்த ஜெர்மானியர் அட்லர் சீஸ் டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சிறிய எழுத்து வார்த்தார். 1761ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது எடுத்துவந்த அச்சகம் சென்னை வேப்பேரிக்கு வந்தது. அதன் பொறுப்பேற்ற ஜெர்மன் மதபோதகர் ஃபப்ரீசியஸின் தமிழ் ஆங்கில அகராதி 1779ல் அங்கேதான் அச்சேறியது. எழுத்து சிறுத்தால்தான் அகராதி போன்ற பெரிய நூல் கட்டுப்படியாகும். 1862ன் வின்சுலோ அகராதிக்குச் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகம் வார்த்த சிறிய எழுத்துகளை நான் அந்தக் கலையின் உச்சம் என்பேன்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, பழைய தமிழ் நூல்கள் அங்கே ஏராளம். எந்தப் பழைய புத்தகம் கிடைத்தாலும் தாளைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கம் பாருங்கள். ஈய எழுத்து அழுத்திய மேடு தெரியும். பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரத்தில் மை ஒதுங்கி விளிம்பு கட்டியிருக்கும். ஒரு பக்கத்தில் மற்றவை தெளிவாக இருந்து ஒரு ‘க’ மட்டும் மங்கலாக இருந்தால், வார்த்தவர் உயரத்தில் கோட்டைவிட்டிருக்கலாம், அல்லது அந்த அச்சு தேய்ந்திருக்கலாம்.